சோதனை ஓட்டம்: ஒரு வலைப்பக்கத்தைப் பல உலாவிகளில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?



நம் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் "டெஸ்டிங்". காட்கோபர் ஸ்டேஷனில் பழைய நண்பரைப் பார்க்கிறோம். "பையன் என்ன செய்கிறான்?" என்று கேட்டால், "ஐரோலியில் டெஸ்டிங்கில் இருக்கிறான்" என்று பெருமையோடு சொல்வார். என்ன டெஸ்டிங், யார் எதைச் சோதிக்கிறார்கள் என்று மேலே கேட்டால் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. லோக்கல் வந்துவிடும், பேச்சு அதோடு முடிந்துவிடும்.

எனக்கும் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை தெரியாமல்தான் இருந்தது. ஒரு தவறு நேர்ந்த பிறகே கற்றுக்கொண்டேன். கற்றதை வரிசையாக இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் செய்து பார்க்கலாம். பெற்றோர்கள் தங்கள் பிள்ளை செய்யும் வேலை இன்னதென்று புரிந்துகொள்ளலாம்.

1. நடந்த தவறு

எங்கள் பகுதியில் ஒரு சிறிய நற்பணி மன்றம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்து மேலே படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை கொடுக்கிறோம். 2023-ல் காகித விண்ணப்பத்தை நிறுத்திவிட்டு வலைப்பக்கத்தில் விண்ணப்பிக்கச் செய்தோம். பக்கத்தைத் தயாரித்தவர்கள் என் தங்கை மகனும் நானும். ஜூன் 30 இரவு வரை விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தோம்.

ஜூலை முதல் வாரத்தில் தாராவியிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்தார். பட்டியலில் மகளின் பெயர் இல்லை. "பத்து நாளைக்கு முன்னாடியே எல்லாம் எழுதி அனுப்பிட்டேனுங்க ஐயா. அந்தப் பொத்தானை நாலு வாட்டி அமுக்கினேன்" என்றார். எங்களிடம் விண்ணப்பம் வந்து சேரவே இல்லை. என் மருமகன், "மாமா, என் லேப்டாப்பில் சரியாகத்தானே வேலை செய்கிறது" என்றான். நானும் அதையே அந்த அம்மாவிடம் சொன்னேன். அதைச் சொன்னதற்கு இன்றும் வருந்துகிறேன்.

தொகை முழுவதும் பங்கிடப்பட்டுவிட்டது. அந்த அம்மா வேலை செய்யும் வீட்டில் முன்பணம் வாங்கி மகளின் கட்டணத்தைக் கட்டினார். அவர் கையிலிருந்த போனும் அதே வீட்டில் கொடுத்ததுதான். பழைய ஐபோன் 6. அந்த மாடல் 2014-ல் வந்தது. அதில் ஐ.ஓ.எஸ். 12-க்கு மேல் ஏறாது.

அன்றிரவு அந்த போனை வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தோம். அவர் சொன்னது உண்மை. பொத்தானை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. பிழைச் செய்திகூட வரவில்லை.

காரணம் மிகச் சிறியது. கடைசித் தேதியை நிரலில் "2023-06-30 23:59:00" என்று, தேதிக்கும் நேரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டு எழுதியிருந்தோம். மருமகன் லேப்டாப்பிலிருந்த குரோம் இதைப் புரிந்துகொண்டது. அந்தப் பழைய சஃபாரி புரிந்துகொள்ளவில்லை. 'இது தேதியே அல்ல' என்று மனத்துக்குள் வைத்துக்கொண்டது. "இன்றைய தேதி கடைசித் தேதிக்கு முன் என்றால் அனுப்பு" என்பது எங்கள் கட்டளை. தேதியே அல்லாத ஒன்றோடு ஒப்பிட்டால் விடை எப்போதும் 'இல்லை' என்றுதான் வரும். ஆகவே அது அனுப்பவில்லை.

சஃபாரியின் மேல் குற்றமில்லை. ஜாவாஸ்கிரிப்ட் விதிப்படி தேதிக்கும் நேரத்துக்கும் நடுவே 'டி' என்ற ஆங்கில எழுத்து வரவேண்டும். இறுதியில் இந்திய நேரம் என்பதைக் காட்ட "+05:30" சேர்ப்பது உத்தமம். குரோம் எங்கள் பிழையை மன்னித்தது, சஃபாரி மன்னிக்கவில்லை. ஒன்று மன்னித்ததால்தான் எங்கள் பிழை எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

2. ஒரே பாதை, பல எஞ்சின்கள்

வலைப்பக்கத்தைக் காட்டும் மென்பொருளுக்கு பிரௌசர், அதாவது உலாவி, என்று பெயர். ஒவ்வொரு உலாவிக்குள்ளும் பக்கத்தைப் படித்து வரைந்து காட்டும் பகுதியை எஞ்சின் என்றே அழைக்கிறார்கள். ரயில்வேக்காரனுக்கு இது சௌகரியமான சொல்.

இன்று பெரும் வழக்கில் உள்ள எஞ்சின்கள் மூன்று. முதலாவது பிளிங்க்: குரோம், ஓபரா, சாம்சங் போன்களின் உலாவி ஆகியவை இதில் ஓடுகின்றன; மைக்ரோசாஃப்ட் எட்ஜும் 2020 ஜனவரி முதல் இதற்கு மாறிவிட்டது. இரண்டாவது கெக்கோ: ஃபயர்ஃபாக்ஸ் இதில் ஓடுகிறது. மூன்றாவது வெப்கிட்: ஆப்பிளின் சஃபாரிக்கு உரியது. நம் நாட்டில் ஐபோனில் குரோம் என்று பெயர் போட்டுத் திறந்தாலும் உள்ளே இழுப்பது வெப்கிட்தான். வெளிப் பெட்டியின் வர்ணம் மாறியிருக்கும், எஞ்சின் அதுவே.

மும்பைவாசிகளுக்கு இது புதிதல்ல. நம் புறநகர் ரயில்கள் நீண்ட காலம் 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடின. பின்னர் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறின. மத்திய ரயில்வேயில் இந்த மாற்றம் 2015-16 ஆண்டுகளில்தான் முழுமை பெற்றது. இடைப்பட்ட காலத்தில் ஒரு பகுதியில் ஒரு மின்சாரம், அடுத்த பகுதியில் வேறு மின்சாரம். ஆகவே இரண்டிலும் ஓடும் வண்டிகளை இரண்டிலும் ஓட்டிப் பார்த்தே அனுப்பினார்கள். "தாணேயில் ஓடியது, ஆகவே தாதரிலும் ஓடும்" என்று எவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். வலைப்பக்கத்தில் மட்டும் நாம் அப்படிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

எஞ்சின் மட்டுமல்ல, பதிப்பும் மாறும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பாவது வெளியிடுகின்றன. நம்மவர் கைகளிலோ அண்ணன் கொடுத்தது, முதலாளி கொடுத்தது, சோர் பஜாரில் வாங்கியது என்று பல வயதுள்ள போன்கள். இத்தனையையும் வாங்கி வைத்துச் சோதிக்க எந்த மன்றத்தாலும் முடியாது.

3. கைக்குப் பதில் நிரல்

முதல் கேள்வி, சோதனையை யார் செய்வது? மனிதன் பத்துக் கட்டங்களை நிரப்பிப் பொத்தானை அமுக்கிப் பார்க்கலாம். ஐந்து உலாவிகளில் ஐந்து முறை செய்தால் சலிப்புத் தட்டும். ஆறாம் முறை ஏதாவது ஒன்றை விட்டுவிடுவான். ஆகவே இந்த வேலையை ஒரு நிரலிடம் கொடுத்தார்கள்.

2004-ல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர், அலுவலகத்தின் உள்மென்பொருள் ஒன்றைச் சோதிக்க உருவாக்கிய கருவி செலீனியம். அக்காலத்தில் இத்துறையில் கொடிகட்டிப் பறந்த நிறுவனத்தின் பெயர் மெர்க்குரி. பாதரச நஞ்சுக்கு செலீனியம் மருந்து என்று கேலியாக இந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு சைமன் ஸ்டீவர்ட் என்பவர் வெப்டிரைவர் என்ற இன்னொரு கருவியைச் செய்தார். இரண்டும் இணைந்து 2011-ல் செலீனியம் 2 வெளிவந்தது. 2018 ஜூனில் வெப்டிரைவர் உலகப் பொதுத் தரமாகவே ஏற்கப்பட்டது. இது இலவசம், மூல நிரலும் எவர்க்கும் திறந்தது.

இது வேலை செய்யும் முறை எளிது. நாம் எழுதும் சோதனை நிரல் ஒரு நிலைய அதிகாரி. "இந்தப் பக்கத்தைத் திற", "பெயர்க் கட்டத்தில் இதை எழுது", "பொத்தானை அமுக்கு", "வந்த செய்தியைப் படி" என்று ஒவ்வொரு கட்டளையாக அனுப்பும். உலாவியின் பக்கத்தில் டிரைவர் என்ற சிறு மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. கட்டளையை வாங்கி உலாவியை ஓட்டி, நடந்ததைத் திருப்பிச் சொல்லும். குரோமுக்கு ஒரு டிரைவர், ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு டிரைவர், சஃபாரிக்கு ஒரு டிரைவர். ஆனால் மூவரும் புரிந்துகொள்ளும் மொழி ஒன்றே.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கட்டளைகள் வலைத்தொடர்பு வழியாகவே போகின்றன. அப்படியானால் அதிகாரியும் டிரைவரும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கவேண்டிய அவசியமில்லை. அதிகாரி காட்கோபரில் இருக்கலாம். உலாவி வேறெங்கோ இருக்கலாம். இதுதான் அடுத்த கட்டம்.

4. மேகம் என்பது என்ன?

"கிளவுட்" என்றால் வானத்து மேகம் அல்ல. வேறொருவர் ஒரு பெரிய கூடத்தில் கம்ப்யூட்டர்களையும் போன்களையும் அடுக்கி, மின்சாரமும் குளிரூட்டியும் போட்டு, வலைத்தொடர்பு வழியாக நமக்கு நிமிடக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ வாடகைக்கு விடுவது. அவ்வளவுதான்.

சோதனைக்கென்றே இப்படி வாடகைக்கு விடும் தொழிலில் முந்தியவர்களில் ஒருவர் சாஸ் லேப்ஸ் நிறுவனம். 2008-ல் அமெரிக்காவில் தொடங்கியது. நிறுவியவர்களில் ஒருவர் மேலே சொன்ன அதே ஜேசன் ஹக்கின்ஸ்.

நாம் பெருமைப்படவேண்டிய செய்தி அடுத்தது. இத்துறையில் இன்று உலக அளவில் பெயர் பெற்ற பிரௌசர்ஸ்டாக் நிறுவனம் நம் மும்பையில் பிறந்தது. 2011-ல் அதைத் தொடங்கிய ரித்தேஷ் அரோரா, நகுல் அகர்வால் இருவரும் பவாய் ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள். நம் காட்கோபரிலிருந்து பவாய் எவ்வளவு தூரம் என்பது யாவரும் அறிந்ததே. உலாவிக்கு உலாவி பக்கம் மாறித் தெரிவது அவர்களுக்கே தலைவலியாக இருந்தது. அந்தத் தலைவலிக்கு மருந்தைத் தொழிலாக்கினார்கள். 2021 ஜூனில் முதலீட்டாளர்கள் அந்த நிறுவனத்தை 400 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். இன்று ஆயிரக்கணக்கான உண்மையான போன்கள் அவர்களுடைய கூடங்களில் இருக்கின்றன. நொய்டாவில் தொடங்கிய லேம்டாடெஸ்ட் என்ற நிறுவனமும் இதே தொழிலுக்கு வந்தது. எதை எடுத்துக்கொண்டாலும் கீழே சொல்லும் முறை ஏறக்குறைய ஒன்றே.

5. அமைக்கும் முறை, படிப்படியாக

(அ) முதலில் வீட்டில் ஓடவேண்டும். சொந்தக் கம்ப்யூட்டரிலுள்ள ஒரே உலாவியில் சோதனை நிரல் சரியாக ஓடட்டும். ஜாவா, பைதான், ஜாவாஸ்கிரிப்ட் எதில் எழுதினாலும் சரி. ஷெட்டிலேயே நகராத எஞ்சினை மெயின் லைனில் விட்டு என்ன பயன்?

(ஆ) கணக்கு திறத்தல். சேவை நிறுவனத்தில் பதிவு செய்தால் பயனர் பெயர் ஒன்றும், நீண்ட ரகசியச் சாவி ஒன்றும் கொடுப்பார்கள். அந்தச் சாவியை நிரலுக்குள் எழுதிவைக்கக் கூடாது. நிரலைப் பிறருக்கு அனுப்பும்போது சாவியும் போய்விடும். நம் நிமிடங்களை வேறு யாரோ ஓட்டித் தீர்ப்பார்கள். கம்ப்யூட்டரின் சூழல் மாறிகள் என்ற தனி இடத்தில் வைத்து, ஓடும்போது நிரல் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்யவேண்டும்.

(இ) முகவரியை மாற்றுதல். வீட்டில் ஓட்டும்போது "குரோமைத் திற" என்று ஒரு வரி இருக்கும். அதற்குப் பதிலாக "தொலைவு டிரைவர்" என்ற வகையை அழைத்து, சேவை நிறுவனத்தின் ஹப் முகவரியைக் கொடுக்கவேண்டும். ஹப் என்பது ஜங்ஷன் மாதிரி: வரும் வேலையை எந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது என்று அது பார்த்துக்கொள்ளும். சோதனைக் கட்டளைகளில் ஒரு வரியைக்கூட மாற்றவேண்டியதில்லை. இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: சோதனை மாறாது, ஓடும் இடம்தான் மாறும்.

(ஈ) தேவைச் சீட்டு. நமக்கு எந்த வண்டி வேண்டும் என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கவேண்டும். ஆங்கிலத்தில் இதை கேப்பபிலிட்டீஸ் என்பார்கள். கம்ப்யூட்டர் என்றால் நான்கு விவரங்கள்: இயங்குதளம், அதன் பதிப்பு, உலாவி, அதன் பதிப்பு. உதாரணம்: விண்டோஸ், 11, ஃபயர்ஃபாக்ஸ், கடைசிப் பதிப்பு. போன் என்றால் போனின் பெயர், அதன் இயங்குதளப் பதிப்பு, உலாவி. நாங்கள் முதலில் எழுதிய சீட்டு ஐ.ஓ.எஸ். 12 உள்ள ஐபோனுக்குத்தான். இவற்றோடு ஓட்டத்தின் பெயர், தனிச் சோதனையின் பெயர் இரண்டையும் எழுதுங்கள். பெயர் வைக்காவிட்டால் அடுத்த வாரம் நூறு ஓட்டங்களுக்கு நடுவே தேடித் திண்டாடுவீர்கள்.

(உ) ஒரே கோப்பில் எழுதுதல். இப்போது இந்தச் சீட்டுகளை நிரலுக்குள் எழுதாமல் தனியே ஓர் அமைப்புக் கோப்பில் வரிசையாக எழுதலாம். பிரௌசர்ஸ்டாக்கில் ஒய்.எம்.எல். என்ற வகைக் கோப்பு. பயனர் விவரம், வேண்டிய தளங்களின் பட்டியல், எத்தனை ஓட்டம் ஒரே நேரத்தில், எந்தப் பதிவுகள் வேண்டும் எல்லாம் அதில் அடங்கும். ஓர் எச்சரிக்கை: இந்த வகைக் கோப்பில் வரியை உள்ளே தள்ளி எழுதுவதற்கும் அர்த்தம் உண்டு. டேப் விசையைப் பயன்படுத்தக் கூடாது. இடைவெளி விசையால்தான் தள்ளவேண்டும். இந்த ஒரு பிழையில் எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று.

(ஊ) சுரங்கப்பாதை. வெளியிடாத பக்கம் நம் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும். அதன் முகவரியை "லோக்கல்ஹோஸ்ட்" என்று எழுதினால், தொலைவிலுள்ள உலாவி தன் கம்ப்யூட்டரிலேயே அதைத் தேடும். "என் வீடு" என்று மட்டும் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் தம் வீட்டுக்கே எடுத்துப்போன கதைதான். இதற்காக ஒரு சிறு மென்பொருளை நம் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, சீட்டில் "லோக்கல்: ஆம்" என்று குறிக்கவேண்டும். தாணேக்கு அப்பால் பார்சிக் மலையைக் குடைந்து ரயில் போவதைப் போல, அது இரு கம்ப்யூட்டர்களுக்கும் நடுவே பாதுகாப்பான ஒரு சுரங்கம் அமைத்துவிடும். சோதனை முடிந்ததும் சுரங்கத்தை மூட மறக்காதீர்கள்.

(எ) முடிவைச் சொல்லுதல், வண்டியை விடுவித்தல். ஓட்டம் முடிந்தது என்பது வேறு, தேறியது என்பது வேறு. நேரடியாக ஹப் முகவரி மூலம் ஓட்டினால், சேவை நிறுவனத்துக்கு ஓட்டம் முடிந்தது மட்டுமே தெரியும். தேறியதா தவறியதா என்று நம் நிரல்தான் ஒரு கட்டளையால் குறிக்கவேண்டும். அமைப்புக் கோப்பு முறையில் அது தானாக நடக்கும். கடைசியில், தேறினாலும் தவறினாலும், டிரைவரை விடுவிக்கும் கட்டளை ஓடியே தீரவேண்டும். இல்லையேல் வண்டி பிளாட்பாரத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். பின்னால் வருவது ஹோம் சிக்னலில் காத்திருக்கும்.

6. காத்திருக்கும் கலை

வீட்டில் தேறிய சோதனை தொலைவில் ஒருநாள் தேறும், மறுநாள் தவறும். புதியவர்கள் இதில்தான் மனம் தளர்வார்கள். தொலைவில் ஒவ்வொரு கட்டளையும் போய்வர நேரம் பிடிக்கிறது; பக்கமும் மெதுவாகத் திறக்கலாம். பொத்தான் தோன்றும் முன்பே அமுக்கச் சொன்னால் டிரைவர் "பொத்தான் இல்லை" என்று திரும்பிவிடுவார்.

"ஐந்து விநாடி தூங்கு" என்று எழுதுவது தவறான வைத்தியம். பக்கம் ஒரு விநாடியில் வந்தால் நான்கு விநாடி வீண். ஆறு விநாடியில் வந்தால் சோதனை வீண். மாறாக, "பொத்தான் தோன்றும்வரை பார், 20 விநாடிக்கு மேல் காத்திராதே" என்று எழுதவேண்டும். செலீனியம் சாதாரணமாக அரை விநாடிக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும். கண்டவுடன் அமுக்கும். டிரைவர் கடிகாரத்தைப் பார்த்து வண்டியை எடுப்பதில்லை. சிக்னலைப் பார்த்தே எடுக்கிறார்.

7. நேரக் கணக்கு

எங்களிடம் இப்போது 10 சோதனைகள், 5 வகை உலாவிகள். மொத்தம் 50 ஓட்டங்கள். ஒன்றுக்கு 2 நிமிடம் என்றால் 100 நிமிடம். ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக விட்டால் ஒரு மணி 40 நிமிடம் ஆகிவிடும். ஐந்து பாதைகள் இருந்தால் 20 நிமிடம். இதற்கு இணை ஓட்டம் என்று பெயர். எத்தனை பாதைகள் என்பதைப் பொறுத்தே கட்டணமும் இருக்கும்.

இணையாக ஓட்டுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு சோதனை இன்னொன்றின் விளைவை நம்பியிருக்கக் கூடாது. முதல் சோதனை விண்ணப்பத்தைப் பதிவு செய்ய, இரண்டாவது அதே விண்ணப்பத்தைத் தேட, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் மோதல்தான். ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய விண்ணப்பத்தைத் தானே உண்டாக்கி, முடிவில் தானே அழிக்கவேண்டும்.

எதை எதைச் சோதிப்பது? எல்லா போனிலும் ஓட்ட ஆசைப்படவேண்டாம். நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, மன்றத்துக்கு வந்தவர்களின் கையில் என்ன போன் என்று கேட்டு எழுதினோம். ஒவ்வொரு எஞ்சினிலும் ஒன்று, கையில் கண்ட போன்களிலேயே மிகப் பழையது ஒன்று, மிகச் சிறிய திரை ஒன்று என்று தேர்ந்தெடுத்தோம்.

8. தமிழுக்கே உரிய சில சிக்கல்கள்

இதை ஆங்கிலப் பாடநூல்களில் எளிதில் காணமுடியாது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

"கோமதி" என்ற பெயரைப் பதிவு செய்து, பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சோதனை எழுதினோம். திரையில் கோமதி இருக்கிறாள். சோதனையோ "இல்லை" என்றது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தது கம்ப்யூட்டருக்கு இரண்டாக இருந்தது. யூனிகோட் முறையில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. 'க' என்பது 2965. ஓகாரக் குறி 3019. ஆகவே 'கோ' என்பது 2965, 3019 என்று இரண்டு எண்கள். ஆனால் அதே ஓகாரத்தை இரட்டைக் கொம்பு, கால் என்று பிரித்து 3015, 3006 என்றும் எழுதலாம். அப்போது மூன்று எண்கள். இரண்டும் சமம் என்று யூனிகோட் விதி சொல்கிறது. ஆனால் சாதாரணமாக எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கு அது தெரியாது.

தீர்வு, இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடுவது. நார்மலைஸ் என்ற கட்டளை பல மொழிகளில் இருக்கிறது. சோதனையில் மட்டும் இதைச் செய்தால் போதாது. பெயரைச் சேமிக்கும் இடத்திலேயே செய்யவேண்டும். இல்லாவிட்டால் கோமதியும் கோபாலும் தங்கள் பெயரைத் தேடும்போது கிடைக்கமாட்டார்கள். 'கௌ' எழுதும்போது ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பு போட்டுப் பக்கத்தில் 'ள' எழுதுவோரும் உண்டு. அதை நார்மலைஸ் சரிசெய்யாது. நாமே பார்த்துத் திருத்தவேண்டும்.

இன்னொன்று. செலீனியம் எழுத்துகளைப் படிக்கிறதேயன்றி, அவை திரையில் எப்படித் தெரிகின்றன என்று பார்ப்பதில்லை. தமிழ் எழுத்துரு இல்லாத ஒரு கம்ப்யூட்டரில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தாலும் சோதனை தேறிவிடும். ஆகவே சேவை நிறுவனம் எடுத்துவைக்கும் திரைப்படங்களை ஒரு மனிதன், தமிழ் தெரிந்த மனிதன், கண்ணால் பார்க்கவேண்டும். இந்த வேலைக்கு வீட்டில் பாட்டிமார்கள் மிகவும் உகந்தவர்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு ஓட்டமும் வீடியோவாகப் பதிவாகிறது. அது வேறொருவர் கம்ப்யூட்டரில் இருக்கிறது. சோதனைக்கு உண்மையான பிள்ளைகளின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எதையும் பயன்படுத்தாதீர்கள். கற்பனைப் பெயர்களே போதும்.

9. ரயில்வே கற்றுத்தந்தது

நான் சிக்னல் பிரிவில் இருந்தவன். ஒரு யார்டில் இன்டர்லாக்கிங் மாற்றினால், புதிய பாதையைப் போட்டுக்காட்டி "பச்சை வந்துவிட்டது" என்று திரும்பமாட்டோம். பட்டியலை வைத்துக்கொண்டு வரிவரியாகச் சோதிப்போம். ஒரு பாதைக்குச் சிக்னல் கொடுத்தபின், அதற்கு முரணான பாதைக்கும் வேண்டுமென்றே கொடுத்துப் பார்ப்போம். அது வரக் கூடாது. வந்துவிட்டால் அதுவே விபத்து. வரவேண்டியது வருகிறதா என்பது பாதிச் சோதனை; வரக்கூடாதது வராமல் இருக்கிறதா என்பது மீதிப் பாதி.

விண்ணப்பப் பக்கத்துக்கும் அதே முறையை வைத்தோம். கெடு முடிவதற்கு ஒரு நிமிடம் முன்பு போகவேண்டும். ஒரு நிமிடம் பின்பு போகக் கூடாது. போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று தமிழில் சொல்லவேண்டும். பேசாமல் இருக்கக் கூடாது. போய்ச்சேர்ந்தால் ஒரு ரசீது எண் வரவேண்டும். இந்த நான்கும் இன்று எல்லா உலாவிகளிலும் சோதிக்கப்படுகின்றன. பக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் சோதனைகள் தாமாகவே ஓடும்படி ஏற்பாடு செய்திருக்கிறோம். கீமேன் தினமும் தண்டவாளத்தை நடந்து பார்ப்பதைப் போல, மாற்றம் இல்லாத நாளிலும் இரவில் ஒருமுறை ஓடுகின்றன. நாம் மாற்றாவிட்டாலும் உலாவிகள் மாறிக்கொண்டே இருக்கின்றனவே!

தாராவிப் பெண்ணுக்கு 2024-ல் உதவித்தொகை கிடைத்தது. அவள் விண்ணப்பித்தது அதே பழைய போனிலிருந்துதான். ரசீது எண் வந்ததும் அந்த அம்மா எனக்கு போன் செய்து, எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்துக் காட்டினார். "இந்தத் தடவை ஒரே வாட்டிதான் ஐயா அமுக்கினேன்" என்றார். போன ஆண்டின் கட்டணத்தை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பயிற்சி

1. உங்கள் சங்கத்தின் அல்லது பள்ளியின் வலைப்பக்கத்தை வீட்டிலுள்ள எல்லா போன்களிலும் திறந்து, வேறுபாடுகளை ஒரு தாளில் எழுதுங்கள். இதற்கு நிரல் எதுவும் தேவையில்லை.

2. உங்களுக்குத் தெரிந்த மொழியில் 'கோ' என்ற எழுத்தை இரு விதமாகவும் எண்களிலிருந்து உண்டாக்கி, இரண்டும் சமமா என்று கேளுங்கள். பிறகு நார்மலைஸ் செய்து மறுபடியும் கேளுங்கள்.

3. செலீனியத்தை நிறுவி, ஒரு பக்கத்தைத் திறந்து அதன் தலைப்பைப் படிக்கும் சோதனையை எழுதுங்கள். வீட்டில் ஓடியபின் முகவரியையும் தேவைச் சீட்டையும் மட்டும் மாற்றித் தொலைவில் ஓட்டுங்கள்.

4. 12 சோதனைகள், 4 உலாவிகள், ஒன்றுக்கு 3 நிமிடம், 6 பாதைகள். மொத்தம் எத்தனை நிமிடம்? (விடை: 24.)

அடுத்த முறை யாராவது "பிள்ளை டெஸ்டிங்கில் இருக்கிறான்" என்று சொன்னால், "நல்ல வேலை, கவனமாகச் செய்யச் சொல்லுங்கள்" என்று நான் சொல்லப்போகிறேன். நீங்களும் சொல்லுங்கள்.